கடைசி இலக்கம் ஒன்பது

என் அக்கா ஒரு சந்தேகப் பிராணி. கேஸ் அடுப்பை மூடிவிட்டுத் தெருமுனைவரை போவாள். திரும்பி வந்து இன்னொரு தடவை மூடுவாள். கடைக்காரர் தராசில் விரல் வைக்கிறாரா என்று குனிந்தே பார்ப்பாள். மானம் போகும் எனக்கு.

"உன்னை எவன் கட்டிக்கிட்டு மாரடிப்பான்?" என்பேன்.

"அவன் யோக்கியனான்னு மொதல்ல பாக்கணும்ல?" என்பாள்.

கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். தலை நரைத்தும் தற்காலிக வேலைதான். ஒரு நல்ல ஆராய்ச்சிக் கட்டுரை வந்தால் நிரந்தரமாக்கிவிடலாம் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். இருவரும் சேர்ந்து ஒரு எண்வரிசையை எடுத்துக்கொண்டார்கள்: 1, 5, 6, 11, 17, 28, 45, 73... முந்திய இரண்டைக் கூட்டினால் அடுத்தது. அவ்வளவுதான்.

ஒரு கூட்டத்தில் எல்லோரும் எல்லோரோடும் கைகுலுக்கினால், நான்கு பேருக்கு ஆறு கைகுலுக்கல், எட்டுப் பேருக்கு 28, பத்துப் பேருக்கு 45. ஈருறுப்புக் கெழு என்று இதற்குப் பெரிய பேர். அந்த மூன்றும் வரிசையில் இருக்கின்றன, பார்த்தீர்களா? அதற்கப்புறம் இப்படி வேறு எண் உண்டா என்பதுதான் இவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி.

ஒருநாள் கம்ப்யூட்டர் "உண்டு" என்று ஒரு நீளமான எண்ணைக் காட்டியது. துறைத்தலைவர் ஓடிப்போய் முதல்வரிடமே சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா மட்டும் உம்மென்று இருந்தாள்.

"இவ்வளவு சுலபமாவா கெடைக்கும்? எங்கேயோ இடிக்குது."

"ஐயோ, இதுலயுமா!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இடிக்கத்தான் செய்தது. எண் பெரிதானால் கடைசி இலக்கங்களை அந்தப் புரோகிராம் உத்தேசமாகத்தான் வைத்துக்கொள்ளுமாம். அக்கா வரிசையின் முதலிலிருந்து அந்த எண்வரை கடைசி இலக்கத்தை மட்டும் கையால் கூட்டிக்கொண்டே போனாள். ஒன்பது வந்தது. கைகுலுக்கல் கணக்கு எதுவும் ஒன்பதில் முடியவே முடியாதாம்.

மறுநாள் துறைத்தலைவரிடம் சொன்னாள். அவருக்கு இவள்மேலேயே சந்தேகம்.

"இதைத் தப்புன்னு தள்ளிட்டு, அப்புறம் தனியாப் பேர் வாங்கலாம்னு பாக்கறீங்களா, மேடம்?"

"நீங்களே கூட்டிப் பாருங்க, சார்."

கூட்டிப் பார்த்தார். அதன்பிறகு அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நிரந்தர வேலை இன்னொருவருக்குப் போனது.

"வாய மூடிக்கிட்டு இருந்தா என்ன கொறைஞ்சு போயிருக்கும் உனக்கு?" என்று கத்தினேன். அக்கா அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நானும் அவரும் ஒரே எடத்துல தப்புப் பண்ணியிருப்போமோடி? நீ ஒரு தடவ கூட்டிப் பாரேன்."

பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் தப்பாகக் கூட்டியிருக்க வேண்டும் என்று வேண்டாத தெய்வமில்லை. ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். எனக்கும் ஒன்பதுதான் வந்தது.