தையல் போடுகிறவள்

அம்மா இந்த நாட்டில் வந்து இறங்கியபோது கூட இருந்தது ஒன்பது வயது மகள் மட்டுமே. விமானம் மாறும் இடத்தில் “இதோ வந்துடறேன்” என்று போன அப்பா, வேறு ஏதோ விமானத்தில் ஏறிவிட்டார். எந்த ஊருக்கு என்று மகளுக்கு இன்றுவரை தெரியாது.

குடியேற்ற அலுவலகத்தில் மொழிபெயர்க்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். அகராதியைப் படித்தே தமிழ் கற்றவர்.

“என்ன வேலை?”

“தையல் போடுவேன். கிழிஞ்சது எதுவானாலும் ஒட்டுத் தெரியாம சேர்த்துடுவேன்.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு?”

“சீசன்ல பன்னிரண்டு பேர்கூட வருவாங்க.”

“யாராவது குறை சொன்னதுண்டா?”

“இறுக்குதுன்னு சொன்னா, பிரிச்சு மறுபடி போட்டுத் தருவேன்.”

அவர் எழுந்து நின்று கைகுலுக்கினார். ஒரு வாரத்தில் வந்த அட்டையில் அம்மாவின் தொழில் ‘அறுவை மருத்துவர்’ என்று அச்சாகியிருந்தது.

அது தெரியவந்ததே சட்டைத் தொழிற்சாலையில்தான். வேலை கேட்டுப் போன இடத்தில் மேலாளர் அட்டையைப் படித்துவிட்டு, “டாக்டரம்மாவ காலர் தைக்க வைக்கறதா?” என்று பதறி வாசல்வரை வந்து வழியனுப்பினார். வாடகைக்கு வீடு விட்டிருந்தவர் காதுக்கும் விஷயம் எட்டியது. வீங்கிய முழங்காலோடு வந்து நின்றார். அம்மா எவ்வளவோ மறுத்தும் கேட்கவில்லை. தொல்லை தாங்காமல் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். வீக்கம் வடிந்து தொலைத்தது. மறுநாள் மாடிப்படி முழுக்க முழங்கால்கள்.

அட்டையைத் திருத்தச் சொல்லி அம்மா அலையாய் அலைந்தாள். அதற்குள் பள்ளியில் மொழி கற்றிருந்த மகள்தான் கூடப் போய்ப் பேசினாள். டாக்டர் இல்லை என்பதை டாக்டர்களே எழுதித் தர வேண்டுமாம்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர்கள் தேர்வு வைத்தார்கள். ரப்பரில் செய்த ஒரு கையை நீட்டி, அதிலிருந்த வெட்டுக்குத் தையல் போடச் சொன்னார்கள். வேண்டுமென்றே கோணல்மாணலாகப் போடு என்று மகள் காதில் ஓதினாள். அம்மா முறைத்தாள். “வேலையில பொய் சொல்ல மாட்டேன்டி.”

போட்டு முடித்தபோது வெட்டு எங்கே இருந்தது என்று மூவருக்குமே தெரியவில்லை. பூதக்கண்ணாடி வந்தது. “இவங்கள டாக்டர் இல்லைன்னு எப்படி எழுதறது?” என்று பெரிய டாக்டர் தலையைச் சொறிந்தார். மகளுக்கு அழுகை முட்டியது. அம்மாவோ, மிச்சமிருந்த நூல் கண்ணை உறுத்தவே, குனிந்து அந்த ரப்பர் கையில் வாய் வைத்து, பல்லால் கடித்து அறுத்துத் துப்பினாள்.

மூன்று பேரும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார்கள்.

வெளியே வரும்போது பெரிய டாக்டர் பின்னாலேயே ஓடிவந்து, தன் வெள்ளைக் கோட்டின் கிழிந்த பையைக் காட்டினார். அன்றே அடித்தளத்துச் சலவைக்கூடத்தில், நீராவிக் குழாய்களுக்கு நடுவே அம்மாவுக்கு ஒரு தையல் மெஷின் கிடைத்தது. இருபத்து மூன்று வருஷம் அங்கே தைத்தாள். மகளைப் படிக்க வைத்தாள். நோயாளிகளின் அங்கி முதுகுப்பக்கம் திறந்து கிடப்பதை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. ஒருமுறை நானூறு அங்கிகளையும் மூடித் தைத்துவிட்டாள். ஊசி போட இடம் தேடி நர்ஸ்கள் திண்டாடினார்கள். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. “கொடுக்கட்டும். மானம் போறது அவங்களுக்கா?” என்றாள்.

கடைசியில் அவளே அங்கே நோயாளியாகப் படுத்தாள். மயக்கம் தெளிந்ததும் வாய் திறந்து கேட்டது மகளையல்ல, ஊசியை. படுக்கைத் திரையில் ஓரம் பிரிந்திருந்ததாம். தர மாட்டேன் என்று மகள் சண்டை போட்டாள். பிறகு அவளே நூலைக் கோத்துக் கொடுத்தாள்.