ஒரே பையில் இரண்டு ஸ்கோர்புக்

1. மூன்று வரி ராஜினாமா

பருவத்தின் பாதியில், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், எங்கள் பேஸ்பால் கிளப்பின் பயிற்சியாளர் ரயன் வாட்ஸ்அப்பில் ராஜினாமா செய்தார். மூன்று வரிகள். அமெரிக்காவில் ஒரு கல்லூரி அணியில் வேலை கிடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமை விமானம், பிள்ளைகளுக்கு வாழ்த்துகள். கடைசியில் ஒரு பேஸ்பால் படம்.

அடுத்த பதினைந்து நிமிடத்தில் பெற்றோர் குழுவில் நாற்பது செய்திகள் வந்தன. அவற்றில் குறைந்தது முப்பது ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கும்: இனி யார்?

எனக்கு வேறொரு கவலை இருந்தது. ஆக்லாந்து பதினாறு வயதுக்குட்பட்ட அணிக்கான ட்ரயலுக்கு இன்னும் ஒன்பது வாரம். எங்கள் கிளப்பிலிருந்து அதற்குப் போகத் தகுந்த பிட்சர், அதாவது பந்து எறிபவன், ஒருவன்தான். ஆரூரன், வயது பதினைந்து. ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டில் அவனை எல்லோரும் 'ரூ' என்று கூப்பிடுவார்கள். முதல் நான்கு வாரம் நான்கு இன்னிங்ஸ் நின்று பிடித்தவன், கடைசி இரண்டு சனிக்கிழமைகளில் இரண்டாவது இன்னிங்ஸிலேயே தடுமாறினான். பந்து, அதைப் பிடிக்கக் குந்தியிருக்கும் கேட்சரின் தலைக்கு மேலே போனது. கேட்டால், "ஐ'ம் ஃபைன், அன்ரி" என்றான். சொல்லும்போது வலது முழங்கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்தேன். எழுதிவைக்கவில்லை. ஸ்கோர்புக்கில் அதற்குக் கட்டம் கிடையாது.

2. பெட்டியிலிருந்து பந்துக்கு

ஸ்கோர் எழுத வரும் இளையவர்களுக்கு என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் பதினொரு ஆண்டுகள் இருந்தேன். ஆக்லாந்து வந்தபின் விரி என்ற பகுதியில் ஒரு கிடங்கில் சரக்கு இருப்பு எண்ணும் வேலை. அங்கே என் மேற்பார்வையாளராக இருந்த டேவ், மங்கரேயில் ஒரு பேஸ்பால் கிளப்பின் பயிற்சியாளரும்கூட. என் இருப்புத் தாள்களை ஆறு மாதம் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்: பெட்டி எண்ணுவதில் உனக்குப் பிழையே வருவதில்லை, சனிக்கிழமைகளில் பந்து எண்ணுவாயா?

அந்தச் சனிக்கிழமையே போனேன். பேஸ்பால் எனக்குத் தெரியாது. தலைக்கு மேல் விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்று கடக்கும்போதும் அம்பயரின் குரல் காணாமல் போனது. முதல் இன்னிங்ஸில் மூன்று பிழை விட்டேன். டேவ் சிரித்தார். அவர் எனக்குச் சொன்ன ஒரே விதி இதுதான்: ஓட்டக் கணக்குப் பிழையானால் பிறகு திருத்தலாம், பிட்ச் கவுண்ட் பிழையானால் ஒரு பிள்ளையின் கை போய்விடும்.

பிட்ச் கவுண்ட் என்பது ஒரு பிட்சர் அன்று எறிந்த பந்துகளின் எண்ணிக்கை. எங்கள் கிளப்பில் பதினைந்து வயதுக்காரருக்கு ஒரு நாளில் எழுபது. ஐம்பதைத் தாண்டினால் மூன்று நாள் ஓய்வு. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி வைப்பேன். இன்னிங்ஸ் முடிந்ததும் எதிரணி ஸ்கோரரிடம் போய் எண்ணை ஒத்துப் பார்ப்பேன். கிடங்கிலிருந்து ஓய்வு பெற்றபின்னும் இந்த வேலையை விடவில்லை. அந்தத் தொகையில் ஒருமுறையும் நான் தவறியதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இந்தக் கதை அந்தப் பெருமையைப் பற்றியதுதான்.

டேவ் ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு, மகள் குடும்பத்தோடு இருக்க பிரிஸ்பேன் போனார். போகும்போது சாவிகளையும் தலைக்கவசங்களையும் பந்து வாளிகளையும் எண்ணிக் கையளித்தார். தன் தலைக்குள் இருந்ததைக் கையளிக்கவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

அவருக்குப் பின் ரயன். இருபத்தாறு வயது, நல்ல மனம், கையில் எப்போதும் பந்தின் வேகத்தைக் காட்டும் வேகமானி. அவர் வந்த முதல் வாரமே ரூவின் பந்து முன்னைவிட வேகமாகிவிட்டது என்று திரையைக் காட்டினார். பையன்கள் வேகத்தை மட்டுமே பேசத் தொடங்கினார்கள். அந்த ரயன்தான் இப்போது மூன்று வரியில் போய்விட்டார்.

3. கேட்சர்

புதிதாக வந்தவர் மெரே. விமான நிலையச் சரக்குப் பகுதியில் ஷிஃப்ட் வேலை. இருபது ஆண்டுகள் சாஃப்ட்பால் ஆடியவர். முதல் கூட்டத்தில் ஒரு தந்தை நாகரிகமாகத்தான் கேட்டார். சாஃப்ட்பாலில் பந்தைக் கீழிருந்து எறிவார்கள், பேஸ்பாலில் மேலிருந்து. இந்த வித்தியாசம் சிரமமாக இருக்காதா?

மெரே சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "நான் கேட்சர். பந்து மேலயிருந்து வந்தாலும் கீழயிருந்து வந்தாலும் வலிச்சது என்ர கைதான்."

கேட்ட தந்தையே முதலில் சிரித்தார்.

முதல் பயிற்சியில் அவர் யாரையும் பந்து எறியச் சொல்லவில்லை. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, இந்த வாரம் என்னவெல்லாம் செய்தாய் என்று கேட்டார். வாலிபால், நீச்சல், தம்பியோடு சண்டை, எல்லாம். ரூவின் முறை வந்தது. அவன் தோளைக் குலுக்கினான்.

"சண்டே கிரிக்கெட். அப்பான்ர டீம்."

எத்தனை ஓவர் என்று கேட்டார் மெரே. அவனுக்கு நினைவில்லை. மெரே என் பக்கம் திரும்பி, இவன் எறிந்த கணக்கு இருக்கிறதா என்றார். பேஸ்பால் புத்தகத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. சனிக்கிழமையை மட்டும் கேட்கவில்லை, இந்தக் கை எறிந்தது எல்லாம் வேண்டும் என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஞாயிறுகளில் கிளென்ஃபீல்ட் பக்கம் ஒரு மைதானத்தில் எங்கள் ஊர்ப் பாடசாலைகளின் பழைய மாணவர்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆரூரனின் தந்தை சிவநேசன் ஓர் அணிக்குக் கப்டன். அந்த ஆட்டங்களுக்கும் நான்தான் ஸ்கோரர். இரண்டு புத்தகமும் ஒரே பையில்தான் கிடந்தன, நடுவில் என் சாப்பாட்டுப் பெட்டி.

4. ஒத்துப் பார்க்காத எண்

டக்அவுட் பெஞ்சில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். ரயன் காலத்தின் முதல் நான்கு வார இறுதிகள். சனிக்கிழமைகளில் அவன் எறிந்தவை 58, 63, 55, 66. ஒவ்வொன்றின் கீழும் 'ஓய்வு மூன்று நாள்' என்று நானே எழுதியிருந்தேன். மறுநாள் ஞாயிறுகளில் வீசியவை, வைட் உட்பட, 51, 48, 44, 53. மொத்தம் 438. எல்லைக் கோட்டிலிருந்து விக்கெட் கீப்பருக்கு எறிந்தவை இதில் இல்லை. அணியில் நல்ல கை அவனுடையது என்பதால் தந்தை அவனை எப்போதும் தூரத்தில்தான் நிறுத்துவார். ரயனின் வேகமானிக்காக வார நாட்களில் எறிந்தவையும் இல்லை.

எல்லாம் என் கையெழுத்து. ஒரு கூட்டலும் பிழையில்லை. கூட்டவேண்டிய இரண்டை மட்டும் நான் கூட்டவில்லை.

மெரே இரண்டு பக்கத்தையும் பார்த்தார். என்னைக் குறை சொல்லவில்லை. நாளைக்கே ஃபிசியோவிடம் காட்ட வேண்டும் என்றார். ஃபிசியோ, முழங்கையின் உட்பக்கம் வீங்கியிருக்கிறது, கிழியவில்லை, இன்னும் ஒரு மாதம் இப்படியே போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். ஆறு வாரம் பந்து எறியக்கூடாது. எந்தப் பந்தும்.

ட்ரயலுக்கு அப்போது எட்டு வாரம்.

சிவநேசன் மறுநாள் மாலை வேலை முடிந்து நேரே மைதானத்துக்கு வந்தார். விரியில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், மஞ்சள் சட்டையைக்கூட மாற்றவில்லை. மெரேயிடம் போகவில்லை, என்னிடம் வந்தார்.

"மாலா அக்கா, எட்டுக் கிழமையில ட்ரயல். இப்ப நிப்பாட்டினா இவனை ஆர் பாக்கப் போறாங்கள்?"

எறிந்தால் பார்ப்பார்கள், ஆனால் அதுதான் கடைசியாகப் பார்ப்பதாக இருக்கும் என்று சொன்னேன். ட்ரயல் ஆண்டு என்று தெரிந்தும் ஏன் கிரிக்கெட்டுக்குக் கூட்டிப்போனார் என்றும் கேட்டேன்.

"டேவ் ரெண்டு வருசத்துக்கு முன்னமே கேட்டவர். பேஸ்பால் சீசன்ல பெடியனுக்கு போலிங் குடுக்காத எண்டு. நானும் ஓம் எண்டனான், குடுக்கேல்லை. பிறகு டேவ் போயிட்டார். புதுசா வந்தவர் ஒண்டும் கேக்கேல்லை. கிரிக்கெட் விளையாடுறவன் எண்டு சொன்னன், நல்லது எண்டு சிரிச்சவர். எங்களுக்கும் ஞாயிறு வந்தா ஆள் காணாது. பாதிப் பேர் எயார்போட்டில ஷிஃப்ட்."

டேவுக்கும் அவருக்கும் அப்படியொரு பேச்சு நடந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. டேவோடு விமானம் ஏறிவிட்டது.

சிவநேசன் போகத் திரும்பியவர் நின்றார்.

"குறை விளங்காதேங்கோ. ரெண்டு இடத்திலயும் எழுதினது நீங்கள்தானே அக்கா. நீங்களும் ஒண்டும் சொல்லேல்லையே."

பத்திரிகையில் இருந்த காலத்தில் என் பக்கத்தில் வந்த பிழைக்கு மறுநாள் திருத்தம் போடுவோம். சிறிய எழுத்தில், ஒரு மூலையில். இதற்கு அப்படி ஒரு மூலை இல்லை. "ஓம், என்ர பிழையும்தான்" என்றேன். அவர் தலையசைத்தார். பிறகு இருவருமாக மெரேயிடம் போனோம்.

5. பத்துப் பேர்

ரூ முதல் வாரம் மைதானத்துக்கு வர மறுத்தான். தன்னை வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று அணியின் கேட்சர் பையனிடம் சொன்னானாம். மெரே அவனை வீட்டில் இருக்க விடவில்லை. மட்டை பிடிக்கலாம், ஓடலாம் என்றார். எங்கள் அணி பந்து வீசும்போது கேட்சருக்கு அடுத்த பந்து என்ன என்று டக்அவுட்டிலிருந்து சைகை காட்டும் வேலையை அவனிடம் கொடுத்தார். வேகமா, மெதுவா, உள்ளேயா, வெளியேயா. கை எறியாமல் தலை மட்டும் பிட்சராக இருந்தது.

மூன்றாவது வாரம் அவன் என்னிடம் வந்து, எதிரணியின் நான்காவது ஆட்டக்காரன் போன ஆட்டத்தில் எந்தப் பந்துக்கு அவுட்டானான் என்று கேட்டான். அந்த ஸ்கோர்புக்கை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. என் ஓரக்குறிப்பில் தேடிச் சொன்னேன். மெதுவான பந்து, கீழே. அன்று அதையே காட்டினான். அந்த ஆட்டக்காரன் காற்றை அடித்தான். மெரே என் பக்கம் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினார்.

அந்த ஞாயிறு கிளென்ஃபீல்டில் டாஸ் முடிந்து அணிப் பட்டியல் என்னிடம் வந்தது. பத்துப் பெயர். பதினோராவது எங்கே என்றேன்.

"இல்லை," என்றார் சிவநேசன். "அந்த வரியை வெறுமையா விடுங்கோ."

பக்கத்தில் நின்ற விக்கெட் கீப்பர், பெடியன் சும்மா நிண்டாலாவது போதும் என்று முணுமுணுத்தார். நிண்டால் எறிவான், எனக்கு அவனைத் தெரியும் என்றார் தந்தை. அன்று அவர்கள் நல்ல தோல்வி தோற்றார்கள். எல்லைக்கோட்டுக்கு ஓடியது முழுக்கச் சிவநேசன்தான். திங்கட்கிழமை ஃபோர்க்லிஃப்டில் ஏற இரண்டு பேர் பிடித்துவிட வேண்டியிருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

6. பிள்ளைக்கு ஒரு பக்கம்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் மூன்றாவது புத்தகம் ஒன்று வைத்திருக்கிறேன். ஆட்டத்துக்கு ஒரு பக்கம் இல்லை, பிள்ளைக்கு ஒரு பக்கம். எந்த விளையாட்டு, எந்த நாள், எத்தனை எறி, எங்கே வலி. அதன் முதல் தாளில் குடும்பத்தோடு பேசி முடிவான விஷயங்கள், தேதியோடு. பயிற்சியாளர் மாறும்போது சாவிக்கு முன்னால் இந்தப் புத்தகம்தான் கைமாறும். மெரேயும் என்றாவது போவார். அவரே அதைச் சொல்லித்தான் வேலையைத் தொடங்கினார்.

நான் கற்றது இவ்வளவுதான். சரியாக எண்ணுவது பாதி வேலை. எதை எண்ணுகிறோம், யாருக்காக என்று அவ்வப்போது தலையை உயர்த்திப் பார்ப்பது மற்றப் பாதி. இருபது ஆண்டுகள் நான் குனிந்தே இருந்திருக்கிறேன்.

ட்ரயல் நாளில் ஸ்கோர் எழுத எனக்கு மேசை கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு பிட்சருக்கும் முப்பது பந்து. ரூவின் வேகம் ரயன் காலத்தைவிடக் குறைவு என்பது வேகமானி இல்லாமலே தெரிந்தது. இருபத்தெட்டுப் பந்தில் ஏழு பேரைச் சந்தித்து ஐந்து பேரை அவுட்டாக்கினான். அதில் மூன்று மெதுவான பந்துக்கு. மிச்சம் இரண்டு பந்தை அவன் எறியவில்லை. மெரே போதும் என்று கையை உயர்த்தியதும் பந்தைக் கொடுத்துவிட்டு, எறியும் மேடான மவுண்டிலிருந்து இறங்கினான். இரண்டு வாரம் கழித்து வந்த பட்டியலில் ஐந்து பிட்சர்களில் ஐந்தாவதாக அவன் பெயர் இருந்தது.

எனக்கு நினைவில் நிற்பது அந்தப் பட்டியல் இல்லை. ட்ரயல் தொடங்குவதற்கு முன், நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தபோது அவன் மேசைக்கு வந்தான். மூன்றாவது புத்தகத்தைக் கேட்டான். தன் பக்கத்தைத் தானே திருப்பினான்.

"தேர்ஸ்டே நைன், அன்ரி. பின்வளவில. அப்பா கவுண்ட் பண்ணினவர்."

நான் கேட்கவில்லை. அவனாகவே என் கையிலிருந்து பென்சிலை வாங்கி, வியாழனுக்கு நேரே, எறிக் கணக்கில் 9 என்று எழுதினான். அந்தப் புத்தகத்தில் என் கையெழுத்து இல்லாத முதல் எண் அது.