தாஸ் அண்ணை தளர்த்தி வைத்த மூடி

புதன்கிழமை மத்தியானம் கிளாரா அக்காவின் அழைப்பு வந்தபோது, "வான் முடிஞ்சுதோ அக்கா?" என்றுதான் கேட்டேன். அந்தக் கேள்விக்காக இன்னும் என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன். "அவர் போயிட்டார், ராணி," என்றார். தங்கள் முற்றத்தில் என் வானின் கியர் எண்ணெயை மாற்றிக்கொண்டிருந்த அவருடைய கணவர், மெக்கானிக் மரியதாஸ் அண்ணை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, உயிர் இல்லை.

ஊர்காவற்றுறையில் வாகனம் வைத்திருக்கும் நீங்கள் எல்லோரும் அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள்தான். நான் கொஞ்சம் கூடவே வாங்கினேன். உப்புக்காற்றுக்குத் தடித்த எண்ணெய்தான் காவல் என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டல்லவா? அதை நம்பி, கடையில் இருந்ததிலேயே தடித்ததை வாங்கிக் கியர் பெட்டிக்குள் ஊற்றினேன். ஒரு மாதத்தில் இரண்டாம் கியர் கரகரவென்று அழுதது.

தாஸ் அண்ணை எண்ணெயை விரலில் தேய்த்து மணந்து பார்த்தார். "இது பின் அச்சுக்கு ஊத்துறது. கியர் பெட்டிக்குள்ள பித்தளை வளையம் கிடக்கு, அதை இது தின்னும். உப்பை மறிக்க மதிலோ கட்டினனீர்?"

"கடைக்காரன் நல்லது எண்டவன்."

"வானின்ரை புத்தகம் என்ன சொல்லுது?"

அந்தப் புத்தகத்தை நான் ஒருநாளும் திறந்ததில்லை. அவர் திறந்து, எண்ணெயின் இலக்கத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுத் தந்தார்.

இன்னொரு நாள் என் முற்றத்தில் நானே எண்ணெயை வடிக்கப் போனேன். வழியால் போனவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "ஊத்துற மூடி துருப்பிடிச்சுக் கழராட்டிப் புது எண்ணெயை எதால ஊத்துவீர்? முதல் அதைத் திறவும், பிறகு வடியும்!"

அந்தப் புதன்கிழமை வான் எண்ணெய் வடிந்தபடி அவருடைய முற்றத்தில் நின்றது; சொல்லிவைத்த எண்ணெய் இன்னும் வந்துசேரவில்லை. மறுநாள் வியாழன் காலை இரண்டு அம்மாமாரை இரத்தம் சுத்திகரிக்க யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும். ஒருமுறை தவறினாலும் அவர்களுக்கு ஏலாது. செத்தவீட்டில் நின்ற ஒருவர், மூலையில் இருந்த தடித்த எண்ணெயைக் காட்டி, "ஒருநாள்தானே, இதை ஊத்தும்," என்றார். தாஸ் அண்ணையின் முற்றத்தில் வைத்தா? மாட்டேன் என்றேன். புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினேன். மூன்றாவது கடையில்தான் அந்த எண்ணெய் கிடைத்தது.

பொழுதுபடத் திரும்பி வந்து வானுக்குக் கீழே படுத்தேன். பழைய எண்ணெய் முழுதும் சட்டிக்குள் வடிந்திருந்தது. ஊற்றுகிற மூடி இறுகியிருந்தால் என் கைக்கு அசையாது என்ற பயத்தோடுதான் தொட்டேன். இரண்டு விரலுக்கே சுழன்றது. வடிக்க முதல் அதை அவர் தளர்த்தி வைத்திருந்தார்.

அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, வடிக்கிற மூடியை இறுக்கிவிட்டு, துளையால் வழியும்வரை ஊற்றினேன்.

வியாழன் அம்மாமார் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வெள்ளிக்கிழமை அண்ணையின் அடக்கத்துக்குக் கிளாரா அக்காவைச் சேமக்காலைக்கு ஏற்றிப் போனேன். இரண்டாம் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. அவர் வட்டமிட்ட புத்தகமும், முதலில் எந்த மூடியைத் திறப்பது என்ற ஒழுங்கும் என்னிடம் இருக்கின்றன. வான் ஓடும்.