ஏழாம் நம்பர் நாடா

அந்தப் பேச்சை ஆரம்பித்தது சலூன்காரர்தான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பன்னிரண்டு வருடம் கழித்தும், யாருக்குப் பின் யார் என்ன சொன்னார்கள் என்று அவளால் வரிசை மாறாமல் சொல்ல முடியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கால்பந்து சீசன் தொடங்க இன்னும் ஐந்து வாரம். கிளப்புகள் ஆட்டக்காரர்களை வாங்கியும் விற்றும் மாற்றிக்கொள்ளும் நாட்கள் அவை. வீட்டுக்கு நேர் கீழே இருந்த சலூனில் அந்த நாட்களில் முடி வெட்டிக்கொள்ள வருபவர்களைவிடப் பேச வருபவர்கள் அதிகம். அவளுக்குப் பதினாறு வயது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதியதைப் போனில் படித்து, அவர்களுக்குப் புரியும்படி சொல்வது அவள் வேலை. அந்தத் தெருவில் இரண்டு மொழியில் படித்தவள் அவள் ஒருத்திதான்.

"சொல்லும்மா, இன்னிக்கு எவனை வித்துட்டானுங்க?" என்று கேட்டார் சலூன்காரர்.

"விக்கலை மாமா. புது கோல்கீப்பரை எடுத்திருக்காங்க. ரெண்டு மீட்டர் உயரமாம்."

"ரெண்டு மீட்டரா! என் பஸ்ல ஏறினா குனிஞ்சுதான் நிக்கணும்" என்றார் நாற்காலியில் பாதி முகத்தில் நுரையோடு இருந்த பஸ் டிரைவர்.

"குனிஞ்சே பழகிட்டா பந்தெல்லாம் தலைக்கு மேல போயிடும். முகத்தை ஆட்டாதய்யா, காது போயிடும்."

"காது போனா போகட்டும். அந்த முன்வரிசைப் பையனைக் கொடுத்துட்டு இந்தக் கொக்கை வாங்கியிருக்கானுங்க பாரு, அதைத்தான் தாங்க முடியலை."

அதற்குப் பிறகுதான் சலூன்காரர் குரலைத் தாழ்த்தினார். "கேப்டனும் போறார்னு பேச்சு அடிபடுது."

"வாயைக் கழுவு! போன மாசம்தான் மைக்கைப் பிடிச்சு எல்லார் முன்னாடியும் சொன்னார், இந்தச் சட்டையிலதான் என் கடைசி ஆட்டம்னு. என் பொண்ணுக்கு அவர் நம்பர் போட்ட சட்டை வாங்கி இன்னும் ஒரு தடவைகூடத் துவைக்கலை" என்றார் டிரைவர்.

"துவைக்கிறவங்களைக் கேட்டா தெரிஞ்சிடப்போகுது." சலூன்காரர் அவள் பக்கம் திரும்பினார். "உங்க பெரியம்மா என்னம்மா சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க மாமா."

"சாவியை முழுங்கின பூட்டாச்சே. இது குட்டிப் பூட்டு. பேப்பர்காரன் எழுதினதை ஒப்பிக்கும், அவ்வளவுதான்."

"விடுய்யா, சின்னப் பொண்ணு. அதுக்கு என்ன தெரியும்" என்றார் டிரைவர், அவளுக்குப் பரிந்து பேசுவதாக நினைத்து.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் போனை அணைத்தாள்.

"போறார்" என்றாள். "பெரியம்மா ஏழாம் நம்பர் நாடாவைப் பிரிச்சுட்டாங்க."

சலூன்காரரின் கை அப்படியே நின்றது. அவள் சொன்னதை அந்தக் கடையில் எல்லோரும் வாய் மூடிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பெரியம்மா, அவள் அம்மாவின் அக்கா, அந்த ஊர் கால்பந்துக் கிளப்பின் சலவை அறையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்த்தவர். அம்மா வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலைக்குப் போனபின் அவளை வளர்த்ததும் அவர்தான். சலவை அறை மைதானத்தின் பெரிய பார்வையாளர் காலரிக்கு அடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. நான்கு இயந்திரங்கள், நீளமான ஒரு மேசை, ஆவி. இத்தனை வருடத்தில் பெரியம்மா ஓர் ஆட்டத்தையும் கண்ணால் பார்த்ததில்லை. தலைக்கு மேல் ஆயிரக்கணக்கான கால்கள் உதைக்கும்போது, கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து துவைத்த துணியில் விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் அவர் கவலை. முடிவு என்ன என்று யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஜெயித்த நாளில் சட்டைகள் உருண்டையாகப் பறந்து வரும். தோற்ற நாளில் மடித்து வரும்.

இருபத்தெட்டு ஆட்டக்காரர்களின் துணியும் ஒன்றாகச் சுற்றும்போது எது யாருடையது என்று தெரிய, ஒவ்வொன்றின் உள்பக்கமும் விரல் நீளத்துக்கு வெள்ளை நாடா ஒன்று தைத்திருக்கும். அதில் சிவப்பு நூலில் எண். சட்டை, கால்சட்டை, காலுறை, துண்டு என்று ஆளுக்கு இருபதுக்கும் மேல். ஒருவர் கிளப்பை விட்டுப் போகிறார் என்றால் அலுவலகத்திலிருந்து முதலில் துண்டுச் சீட்டு வருவது பெரியம்மாவுக்குத்தான். இன்ன எண்ணைப் பிரிக்கவும். அவர் நாடாவைப் பிரித்து நாலு நாள் கழித்துத்தான் பேப்பரில் படம் வரும். சில சமயம் அந்த ஆட்டக்காரரின் மனைவிக்கே அதற்குப் பிறகுதான் தெரியும்.

இது தெருவுக்கே தெரியும். அதனால் அந்த ஐந்தாறு வாரம் பெரியம்மா கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பத்துப் பேர் மறிப்பார்கள். சலூன்காரர் ஒரு தடவை, ஆயுள் முழுக்க இலவசமாக முடி வெட்டிவிடுவதாகச் சொன்னார். "எனக்கு மிச்சம் இருக்கிற முடிக்கு அது பெரிய தர்மம் இல்லை தம்பி" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா மாடியேறிவிட்டார். ரொம்பவும் நச்சரித்தால், "அழுக்கைப் பத்திக் கேளுங்க, விவரமா சொல்றேன்" என்பார். பூட்டு என்ற பெயர் அப்படி வந்தது. கிண்டலாக வைத்த பெயர்தான், ஆனாலும் அதைச் சொல்லும்போது யார் குரலிலும் ஒரு மரியாதை இருந்தது. பெரியம்மாவுக்கு அதில் பெருமை உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.

சீசனுக்கு முன் வேலை மலையாகக் குவியும் என்பதால் துணிகளை வலைப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வருவார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பழைய நாடாவின் தையலை ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பிரிப்பார். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் மடியில் கிடந்தது ஏழு. கேப்டனின் எண். அவள் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. பெரியம்மாவும் மறைக்கவில்லை. இந்த வீட்டில் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்று அவர் நம்பியிருந்தார்.

வலைப்பையின் அடியில் இருந்ததை அவள் பார்க்கவில்லை. அங்கே சிவப்பு நூலில் புதிதாக எண் தைத்த இருபத்துமூன்று நாடாக்கள் இருந்தன. எண் நான்கு.

கேப்டன் எங்கும் போவதாக இல்லை. முழங்கால் தேய்ந்துவிட்டது, அதுதான் அவருக்குக் கடைசி வருடம். அவருடைய அப்பா இளம் வயதில் மில் அணிக்கு ஆடியவர், நாலாம் நம்பர். மகனின் கடைசி சீசன் முழுக்கத் தன் எண் மகன் முதுகில் இருப்பதை, முதல் ஆட்டத்தன்று அந்தப் பெரியவர் காலரியில் உட்கார்ந்து தானே பார்க்க வேண்டும் என்று கேப்டன் ஆசைப்பட்டார். விஷயம் கேப்டனுக்கும் மேனேஜருக்கும் பெரியம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். ஏழாம் எண்ணைப் பிரித்தது நாலாம் எண்ணைத் தைக்க.

பிரித்த நாடா என்றால் போகிற ஆள். அந்தத் தெருவில் வேறு அர்த்தமே கிடையாது. அவளுக்கும் வேறு தோன்றவில்லை.

செய்தி மதியத்துக்குள் நான்கு தெரு தாண்டிவிட்டது. போகிற வழியில் அவள் அதிலிருந்து உதிர்ந்துபோனாள். பள்ளிக்கூடத்துப் பெண் சொன்னாள் என்றால் யார் நம்புவார்கள்? "பூட்டே திறந்துடுச்சு" என்றுதான் சலூன்காரர் சொன்னார். அதற்குமேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. நாலு மணிக்கு கேப்டனின் வீட்டு வாசலில் இருநூறு பேர். மைக்கில் பொய் சொன்னார் என்று கத்தினார்கள். ஏழாம் எண் சட்டைகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். கேப்டன் அப்போது வீட்டில் இல்லை.

அங்கே நடந்ததை மறுநாள் டிரைவர்தான் சொன்னார். சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சத்தம் கேட்டுப் பெரியவர் கதவைத் திறந்துகொண்டு வந்தாராம். பெரிய ஆட்டம் ஜெயித்த நாட்களில் இதே கூட்டம் வந்து ஆர்ப்பரிக்கும், அவரும் வந்து கையசைப்பார். அன்றும் சிரித்துக்கொண்டே கையசைத்தார். யாரோ ஒரு சட்டையைச் சுருட்டி அவர்மேல் எறிந்தான். அது நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது. அவர் மெதுவாகக் குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, "யாரோடதுப்பா? விழுந்துடுச்சு பாருங்க" என்று நீட்டிக்கொண்டு நின்றார்.

"அது சின்னச் சட்டை" என்றார் டிரைவர். "பிள்ளைங்க போடற அளவு." அவர் மகளின் துவைக்காத சட்டையைப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் கேப்டன் வேறு கிளப்புக்குக் கையெழுத்துப் போட்டார். என் அப்பா நின்ற வாசலில் நின்று கத்தியவர்களுக்காக நான் இனி ஆட மாட்டேன் என்று மேனேஜரிடம் சொன்னாராம். தெருவில் எல்லோரும், "பார்த்தியா, பூட்டு சொன்னது சரியாப்போச்சு" என்றார்கள்.

மேனேஜர் பெரியம்மாவைக் கூப்பிட்டார். மூன்று பேருக்குத் தெரிந்த விஷயம்; யார் வாயிலிருந்து போனது என்று கேட்டார். "நான்தான் சொன்னேன்" என்றார் பெரியம்மா. சலவை அறைச் சாவியை மேசைமேல் வைத்தார். பத்தொன்பது வருடத்துக்கு அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது நாடாக்கள் போட்டுவைத்த ஒரு தகர டப்பா மட்டும்.

நாலாம் எண்ணின் கதையை அன்று சாயங்காலம்தான் அவளுக்குச் சொன்னார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல், கறை எப்படிப் போகும் என்று விளக்குகிற மாதிரி சொன்னார். அவள் "பெரியம்மா, நான்..." என்று ஆரம்பித்தாள்.

"சாப்பிடு" என்றார் அவர். "ஆறிடும்."

அதற்குப் பிறகு பெரியம்மா ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் சேர்ந்தார். அங்கே துணிகளுக்கு எண் கிடையாது. எல்லாப் போர்வையும் யாருக்கும் போகும். தெருவில் அவர் பெயர் ஓட்டைப் பூட்டு ஆனது. அவர் வந்தால் கடையில் பேச்சு நிற்கும். யாராவது ஒருவர், "மெதுவா பேசுங்கப்பா, நாளைக்குப் பேப்பர்ல வந்துடும்" என்பார். அவர் கேட்காத மாதிரி சாமானை வாங்கிக்கொண்டு வருவார். அவள் பள்ளிப் படிப்பை முடித்து, கல்லூரி முடித்து, நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலைக்குச் சேர்ந்தாள். சாட்சிகள் ஒரு மொழியில் சொல்வதை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் இன்னொரு மொழியில் சொல்வது வேலை. நன்றாகச் செய்கிறாள் என்று பெயர். வீட்டுக்கு வரும் வழியில் ஓட்டைப் பூட்டு என்ற சொல் காதில் விழும்போதெல்லாம், அடுத்த தடவை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். அடுத்த தடவையும் படியேறிவிடுவாள். சலூன்காரருக்கு எல்லாம் தெரியும். அவள் கடையைத் தாண்டும்போது அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

இந்த வருடம் சீசனுக்கு முன், கிளப் புதுக் கோச்சை அறிவித்தது. பழைய கேப்டன். முடி நரைத்து, லேசாக நொண்டிக்கொண்டு வந்து கையெழுத்துப் போடும் படம் பேப்பரில் வந்தது. அவருடைய அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அன்று வாசலில் கத்தியவர்களே இன்று அதே வாசலில் மாலையோடு நின்றார்கள். சலூனில் இனிப்புக் கொடுத்தார்கள். யார் வருவார், யாரை எடுப்பார் என்று பேச்சு மாடிவரைக்கும் கேட்டது. நடுவில் யாரோ ஓர் இளைஞன், அந்தச் சமயம் ஆறேழு வயதுப் பையனாக இருந்திருப்பான், "கத்தாதீங்க, மேல ஓட்டைப் பூட்டு இருக்கு!" என்றான். பெரிய சிரிப்பு.

ஜன்னல் திறந்திருந்தது. பெரியம்மா முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தார். அவள் நீதிமன்றத்துக்கு உடுத்திக்கொண்டிருந்தாள். இருவரும் கேட்டார்கள்.

பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். இருபத்துமூன்று நாடாக்கள், சிவப்பு நூல் கொஞ்சம்கூட வெளுக்கவில்லை. துவைத்தால்தானே வெளுக்கும். எண்ணிப் பார்த்துவிட்டு மூடினார்.

"அவர் வந்திருக்காராமே."

"ஆமாம் பெரியம்மா."

"அப்போ உனக்குப் பதினாறு. அந்த வயசுல உன்னைத் தெருவுல நிக்க வைக்க எனக்கு மனசு வரலை. நீயா ஒரு நாள் சொல்லுவேன்னு இருந்தேன்." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. "இப்ப உனக்கு இருபத்தெட்டு. எனக்கு அறுபத்துமூணு. என் ஆயுசுல நான் சொன்ன பொய் அது ஒண்ணுதான். அதோட போய்ச் சேர எனக்கு இஷ்டமில்லை."

டப்பாவை அவள் கையில் வைத்து, மேலே தன் கையையும் வைத்தார்.

"இதைக் கொண்டுபோய் அவர்கிட்ட கொடு. ஏன் பிரிச்சேன், எதைத் தைச்சேன், யார் சொன்னது, எல்லாத்தையும் சொல்லு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். போறப்போ கீழே சலூன்ல ஒரு நிமிஷம் நில்லு, கண்ணு. அங்கேயும் சொல்லிட்டுப் போ."