அண்ணாவை ஐந்து புள்ளிக்கு எடுக்கப் பார்த்த கதை

எனக்கு வாய் நீளம். இன்றைக்கும் அப்படித்தான், ஆனால் இப்போது அது எனக்குத் தெரியும். பத்து வயதில் தெரியாது. அந்த வருடம் என் வாயால் எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணி அண்ணாவை இழந்தது. நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

மன்னார்த் தீவில் எங்கள் மாதா கோவில் திருநாளையொட்டி நடக்கும் போட்டியில், முன்பெல்லாம் கனடாவில் சொந்தக்காரர் அதிகமுள்ள அணிதான் வெல்லும். அங்கிருந்து காசு வரும், நல்ல ஆட்களையெல்லாம் அவர்களே அள்ளிக்கொள்வார்கள். மற்றவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான். இதைப் பார்த்துச் சலித்துப்போன பங்குச் சுவாமி ஒரு சட்டம் போட்டார். ஓர் அணிக்கு மொத்தம் நூறு புள்ளி. ஏற்கெனவே வைத்திருக்கும் ஆட்களின் புள்ளி அதில் கழிந்துவிடும். மிச்சத்துக்குள்தான் புது ஆள் எடுக்கலாம். எத்தனை புள்ளிக்கு ஒருவரை எடுக்கிறார்களோ, அதற்கேற்ற காசு அவர் கைக்குப் போகும்.

அப்பாதான் எங்கள் அணியின் பொறுப்பாளர். அண்ணாவுக்குப் பத்தொன்பது வயது, நான்கு வருடமாக அந்த அணிக்கு ஓடி ஓடி விளையாடியவன். அவனுடைய விலை இருபத்தைந்து புள்ளி. அந்த முறை முருங்கனில் ஒரு நெட்டை அண்ணை எந்த அணியிலும் சேராமல் இருந்தார். முப்பத்தைந்துக்குக் குறைய வரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். எங்களிடம் மிச்சம் பதினைந்துதான்.

அப்பா இரண்டு நாள் தலையைச் சொறிந்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் வழி கண்டுபிடித்தார். அண்ணாவை அணியிலிருந்து விடுவித்தால் அவனுடைய இருபத்தைந்தும் சேர்ந்து கையில் நாற்பது ஆகும். நெட்டையருக்கு முப்பத்தைந்து போக, மிஞ்சும் ஐந்துக்கு அண்ணாவையே திரும்ப எடுத்துவிடலாம்.

"வேற ஆரும் என்னைக் கேட்டால்?" என்றான் அண்ணா.

"உன்னை ஆர் மோனை கேக்கப் போகினம்!" என்று அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தார். எல்லாரையும் விடப் பலமாகச் சிரித்தது நான். அண்ணா மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டே, "ஓம், சரி" என்றான்.

வெளியில் மூச்சு விடக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். ஆனால் எங்களோடு போட்டிக்கு வரும் டவுன் அணிப் பொறுப்பாளரின் மகள் என் வகுப்பு. பள்ளிக்கூட வான் வண்டியில் என் பக்கத்தில் இருந்துகொண்டு, நெட்டையர் தங்கள் அணிக்குத்தான் என்று அவள் பீற்றினாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"எங்களிட்ட நாப்பது இருக்கு. அண்ணாவைச் சும்மாதான் விட்டிருக்கினம், கடைசியில அஞ்சுக்கு எடுப்பினம்" என்றேன். அவளை மடக்கியதில் எனக்கு அப்படி ஒரு சந்தோசம்.

ஞாயிறு பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் ஆள் எடுப்பு நடந்தது. பெயரை வாசித்ததும் கூடிய புள்ளி சொல்லும் அணிக்குத்தான் ஆள். டவுன் அணியிடம் மிச்சம் முப்பதுதான் என்பதால் நெட்டையர் எங்களுக்கே கிடைத்தார். பிறகு அண்ணாவின் பெயரை வாசித்தார்கள். அப்பா கதிரையில் சாய்ந்தபடி, "அஞ்சு" என்றார்.

"பதினைஞ்சு" என்றார் டவுன் அணிப் பொறுப்பாளர்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரிடம் அதற்கு மேல் ஒரு புள்ளியும் இல்லை. அண்ணா எழுந்து அந்தப் பக்க வாங்கில் போய் உட்கார்ந்தான். அப்பா யாரையும் பார்க்காமல் கடதாசியை மடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். நான் போய் அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவன் அடிக்கவில்லை. வாளியைக் கவிழ்த்து வைத்தான்.

"என்னை எடுக்க ஆறு சொல்லியிருந்தாலே காணும், தங்கச்சி. எங்களிட்ட அஞ்சுதான் இருக்கெண்டு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் பதினைஞ்சு சொன்னவர்."

அவன் ஏன் அதைச் சொல்கிறான், ஏன் அவன் குரல் அப்படி இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அவனைத் தேற்றவேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"அந்த ஆளுக்குக் கணக்குத் தெரியாது, அண்ணா" என்றேன்.