ஒரு கட்டி மண்

ஜூலை 20, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்தேன். ஜன்னல் விளிம்பில் படிந்திருந்த வெள்ளைத் தூசியை ஈரத் துணியால் துடைத்தேன். ஆடிக் காற்று வீசினால் எங்கள் ஊரான தங்க வயலில் எல்லா வீட்டிலும் இதுதான் முதல் வேலை. பிறகு காப்பி, பேப்பர், இட்லி.

தூசி எங்கிருந்து என்கிறீர்களா? சுரங்கம் ஓடிய காலத்தில் சயனைடு விஷம் கலந்து தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டுக் கொட்டிய மண், ஊரைச் சுற்றிக் குன்றுகளாக நிற்கிறது. சயனைடு மேடு என்போம்.

அந்த மேட்டடியில்தான் என் மச்சான் முருகேசன் மனை பார்த்திருந்தான். தினமும் ரயிலில் பெங்களூர் போய் வருகிறவன். மறுநாள் பத்து மணிக்குப் பதிவு. என்னிடம் காட்ட ஆட்டோவில் அழைத்துப் போனான். கூடவே அவன் மனைவி ரேகா — ஐந்து மாதம்.

நான் மனையைப் பார்க்கவில்லை, செடிகளைப் பார்த்தேன். போன மாதம்தான் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போய் வந்திருந்தேன். ஆழமான மண் உள்ள சரிவில் வெயில் நுழையாத காடு. கொஞ்சம் தள்ளி, பாறைமேல் மெல்லிய மண் — வெறும் புல்வெளி. இரண்டுக்கும் ஒரே மழைதான்!

இங்கேயும் அப்படித்தான். ரோட்டோரச் செம்மண்ணில் வேம்பு, புங்கன். அப்புறம் சீமைக் கருவேல் மட்டும். மனை தொடங்கும் இடத்தில்... அதுவும் இல்லை. சாம்பல் நிற மண். ஒரு புல்கூடக் கிடையாது.

"இங்க ஒண்ணுமே முளைக்கலையே முருகேசா?"

"இன்னா மாமா, நிலத்துக்கு ஜாதகம் பாக்கறீங்களா? நான் வீடு கட்டப் போறேன், காடு வளக்கப் போறதில்ல. பெங்களூர்ல நம்மால ஒரு பாத்ரூம்கூட கட்ட முடியாது!"

சிரித்துக்கொண்டே திரும்பினேன். ரேகாவின் ஒரு கன்னம் உப்பியிருந்தது.

"இன்னாம்மா வாயில?"

வெட்கத்தோடு உள்ளங்கையை விரித்தாள். பாதி கடித்த மண்கட்டி.

மசக்கையில் மண் தின்ன ஆசை வரும், தெரியும். ஆனால், இந்த மண்ணையா?

"துப்பும்மா!" கத்தியேவிட்டேன். பாட்டில் தண்ணீர் முழுவதும் கொப்பளிக்கவே போனது.

"ஒண்ணும் ஆவாதுங்கண்ணா. போன வாரம் வந்தப்போ ஒரு கவர்ல எடுத்துக்கினு போனேன். தினம் கொஞ்சம்..."

முருகேசனின் முகம் வெளுத்தது. "எங்கிட்ட சொல்லவே இல்லியேடி!"

"சொன்னா திட்டுவீங்க."

தெரிந்த நர்ஸம்மாவுக்குப் போன் செய்தேன். வாந்தி, மயக்கம் உண்டா? இல்லை. சரி, காலையில் டாக்டரிடம் அழைத்து வாருங்கள், ரத்தம் பார்க்கலாம். மிச்ச மண்ணையும் கொண்டு வாருங்கள். அதுவரை பயப்படாதீர்கள் என்றார். எப்படிப் பயப்படாமல் இருப்பது என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, பத்திரத்துக்காக வாங்கிய புதுப் பையில் அந்த மண்ணைப் போட்டுக்கொண்டு, முருகேசன் ஆஸ்பத்திரி டோக்கன் வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்தான்.