முழங்கால் தாண்டிய பற்றை

பூநகரி பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் நோர்வேயின் வட முனையில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்பவர், லீவில் வந்திருந்தார். குளிரில் வெடித்துக் கறுத்த கன்னங்கள். எதைக் கதைத்தாலும் உள்ளங்கையைக் கவிழ்த்து உயரம் காட்டுவார்.

"தண்டரா எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சமே, அந்த இடந்தான். மரமே இல்லை. நான் போன நேரம் பத்தையெல்லாம் இவ்வளவுதான்." கை கணுக்காலுக்குக் கிட்ட நின்றது. "இப்ப சூடு கூடி, இவ்வளவு." கை முழங்காலைத் தாண்டியது. "பனிமான் தின்னுற பாசி நிழலுக்குள்ள செத்துப்போகுது."

"பத்தைதானே அண்ணை, வெட்டிவிட்டால் சரி," என்றேன். எனக்குத் தெரியாத பற்றையா? போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது, பற்றையும் புதரும் மூடி எங்கள் வீட்டு வளவே தெரியவில்லை. காட்டுக்கத்தியோடு இறங்கி நானே வெளியாக்கினேன்.

அவர் சிரித்தார். "தங்கச்சி, இஞ்ச நாங்கள் இல்லாததால பத்தை வளந்தது. அங்க வளருறது, உலகத்தில நாங்கள் இருக்கிற இருப்பால."

சொல்லிவிட்டுச் சந்தியில் இறங்கிக்கொண்டார். பஸ் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு வெளிக்கிட்டது.

இன்றைக்கும் வளவில் பற்றை வெட்ட எனக்கு ஒருவரும் தேவையில்லை. ஆனால் கத்தியை ஓங்கும்போது அந்தக் கை நினைவில் வரும். இப்போது அது எந்த உயரத்தில் நிற்குமோ?